முள்

விடிய மூன்று மணிக்கு லொய்ப்ரிங்கன் ஏற்றத்தில்
வெப்பமுள் சிவப்பைத் தொட்டது.
ஓரம்கட்டி, பொனற்றைத் திறந்து,
கையுறை கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்:
காய்ச்சல் இறங்கிய பிள்ளையின் நெற்றிபோல்
வெதுவெதுப்பாக இருந்தது ரேடியேற்றர்.
தெர்மாமீற்றருக்குத்தான் காய்ச்சல்.

அதற்கு முந்திய மாதம் வேகமுள்
பூச்சியத்தில் படுத்தபடி
பீல் நகரம் முழுக்க என்னோடு வந்தது.
முப்பது வலயத்தில் நான் முப்பத்தெட்டு என்பது
கமெராவுக்குத் தெரிந்திருந்தது.
நூற்றிருபது பிராங்.

பெற்றோல்முள் மட்டும் நல்ல பிள்ளை.
எப்போது பார்த்தாலும் நிறைகுடம்.
அதைக் கேட்பதை விட்டுவிட்டு
ஒரு கொப்பியில் கிலோமீற்றர் எழுதி எழுதியே
இரண்டு வருடம் பேப்பர் போட்டேன்.
டாஷ்போர்ட் தலையில் ஒரு குத்து விட்டால்
நாலு முள்ளும் எழும்பும்.
தை மாதம் என்றால் இரண்டு குத்து.

முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்றார்
கராஜ்காரர் றூஃபர்.
தொள்ளாயிரத்து நாற்பது, புரோகிராம் செய்யத் தனிக்காசு.
இந்த ஓப்பலை வாங்கும்போதே
நான் அவ்வளவு கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை.
குசினி மேசையில் மிஞ்சிய பேப்பர்களை விரித்து
மீற்றர்ப் பெட்டியை மல்லாத்தினேன்.
முள்ளை முள்ளால் எடுக்கவேண்டும் என்பார்கள்.
நான் இரண்டு தேக்கரண்டியால் எடுத்தேன்,
கீழே மட்டை வைத்து, இரண்டு பக்கமும் சமமாக நெம்பி.
மிதுராவின் பள்ளிக்கூட உருப்பெருக்கியில்
தெரிந்தது குற்றவாளி:
ஒரு ஊசிக்காலைச் சுற்றி
மயிரிழை வளையம்.
குளிரில் சுருங்கி, சூட்டில் விரிந்து
ஈயம் கையை விட்டுவிட்டது.
அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான்
இரண்டு வருடம் குத்தினேன்.

முப்பத்திரண்டு காலுக்கும் புது ஈயம் வைத்தேன்.
குங்கிலியப் புகை எழும்ப,
"என்ன, சாமிக்குக் காட்டுறீரோ?" என்று
அறைக்குள்ளிருந்து கேட்டார் யோகச்சந்திரன்.

சாவியைத் திருப்பினேன்.
நாலு முள்ளும் கடைசிவரை போய்
எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பின.
மூன்று ஒழுங்காக நின்றன.
பெற்றோல்முள் போய் அடியில் படுத்துக்கொண்டது.

திரும்பக் கழற்றினேன். திரும்பப் பற்றவைத்தேன்.
முள்ளைக் கொஞ்சம் தள்ளிப் பொருத்தினேன்.
எங்கே பொருத்தினாலும்
அது நடந்து நடந்து அடிக்கே போனது.
கொப்பியைப் பார்த்தேன்:
இன்னும் நூற்றிப்பத்து கிலோமீற்றர் ஓடும்.
முள்தான் பழுது என்று முடிவெடுத்துப் படுத்தேன்.

செவ்வாய் விடிய, அதே ஏற்றத்தில்
இருமி, இன்னொருதரம் இருமி, நின்றது கார்.
பின்னால் நூற்று அறுபத்துமூன்று பேப்பர்.
வெளியே பனி.

ஸ்டியரிங்கில் கை வைத்தபடி
அங்கே இருந்துதான் விளங்கியது.
மீற்றர் செத்துக் கிடந்த இரவுகளில்
ஓடிய தூரம் எதுவும் எண்ணப்படவில்லை.
அந்தத் தெருக்களில் பேப்பர் விழுந்தது,
பெற்றோல் எரிந்தது,
ஆனால் நான் போகவில்லை.
என் கொப்பியும் அதையே பார்த்துத்தான் எழுதியது.

பின்பெட்டியில் பிள்ளையின் சறுக்குவண்டி கிடந்தது.
பேப்பர்க் கட்டுகளை அதில் ஏற்றிக் கட்டி
மேட்டில் இழுத்துப் போனேன்.
கடைசி வீட்டு வுய்யெமியே கதவடியில் நின்றார்,
பைஜாமாவுக்கு மேல் ஓவர்கோட்.
"நாற்பது நிமிடம், மடம்."
"பெற்றோல் முடிந்துவிட்டது."
உள்ளே போய், புல் வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த
சின்னக் கானோடு வந்தார்.
"முள் வேலை செய்யவில்லையா?"
"செய்கிறது," என்றேன். "அதுதான் பிரச்சினை."
அவருக்கு விளங்கவில்லை. சிரித்து வைத்தார்.

கொப்பி இன்னும் கதவுப் பையில் இருக்கிறது.
எழுதுவதில்லை, எறியவும் இல்லை.
நின்றுகொண்டிருக்கும்போதும்
மூன்று கிலோமீற்றர் வேகம் காட்டுகிறது கார்.
முள்ளை ஒரு மயிரளவு தள்ளிக் குத்திவிட்டேன் போல.
திறக்கவேண்டும்.
இந்த ஞாயிறு மழை.